எட்டடி வழியும் எங்கள் வீட்டு விலையும்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மாடியில் முழுத் தளம் எடுப்பதற்காகப் போன சித்திரையில் வங்கியில் கடன் கேட்டோம். என் வீட்டுக்காரர் கத்தாரில். ஓட்டமெல்லாம் எனக்கும் மாமியாருக்கும்தான்.

மாமியிடம் விலை ரெடியாக இருந்தது. "ரோட்டோரம் சென்டு எட்டு லட்சம் போவுது மக்களே. நமக்கு ஒன்பது சென்டு. வீட்டையும் சேத்தா ஒரு கோடிக்குக் கொறயாது."

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் போட்டது 48 லட்சத்துச் சொச்சம். அன்று ராத்திரி மாமி சாப்பிடவில்லை.

எனக்கும் கோபம்தான். அறிக்கை வங்கிக்காக எழுதப்பட்டதாம். கட்டணம் 3,500 ரூபாய் மட்டும் நம் கையிலிருந்து. இரண்டு தடவை நடந்து ஒரு நகல் வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு மதிப்பீட்டாளருக்கே போன் செய்தேன். பொறுமையான மனிதர், வரிவரியாகச் சொன்னார்.

முதலில் நிலம். பிரமாணத்தில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், 9 சென்ட். பட்டாவில் 3.5 ஏர்ஸ், அதாவது 8.65 சென்ட். டேப் பிடித்து அளந்தபோது 8.4 தான் வந்தது. இந்த மூன்றில் எது குறைவோ அதை எடுத்துக்கொண்டார். மாமனார் சுற்றுச்சுவர் கட்டும்போது தகராறு வேண்டாம் என்று ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டினாராம். அந்தப் பெருந்தன்மையின் விலை இப்போதுதான் தெரிந்தது.

பிறகு எல்லை. மூலப் பிரமாணம் மலையாளத்தில் இருக்கிறது. கொல்லம் ஆண்டு 1121, அதாவது 1945-46. சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்ப் பத்திரம். 1956 நவம்பர் 1-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், காகிதங்கள் மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. வங்கி வக்கீல் தமிழில் கேட்டதால் கேரளத்துப் பாறசாலையில் ஒரு வயதான ஆதாரம் எழுத்துக்காரரிடம், அதாவது பத்திரம் எழுதுபவரிடம், கொண்டுபோனோம். மேற்கே தோடு (ஓடை), வடக்கே அயனி மரம் என்று வாசித்தார். தோடு அப்படியே இருக்கிறது. அயனி எங்கள் வீட்டு முன்கதவாக இருக்கிறது.

அதே பத்திரத்தில் இன்னொரு வரியும் இருந்தது: மெயின் ரோட்டுக்குப் போக எட்டடி வழி. இன்று அது ஐந்தடிகூடத் தேறாது. பக்கத்து வீட்டு மதில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் மாமியின் சித்தப்பா மகன், யார் கேட்பது?

மதிப்பீட்டாளர் வழியை இரண்டு இடத்தில் அளந்து ஐந்தடி என்று எழுதிவிட்டார். கார் வராத வீட்டை நாளைக்கு வங்கி விற்க நேர்ந்தால் எத்தனை பேர் வாங்க வருவார்கள்? அவர் பார்த்தது அதைத்தான். ரோட்டோரத்து எட்டு லட்சம் கடைக்காரன் கொடுக்கிற விலை. எங்களுக்குச் சென்ட் மூன்றரை லட்சம், ஆக 29 லட்சத்து 40 ஆயிரம்.

கட்டடக் கணக்கு எளிது. 1,400 சதுர அடி, இன்று புதிதாகக் கட்டினால் அடிக்கு 2,000 என்று 28 லட்சம். கான்கிரீட் வீட்டுக்கு ஆயுள் 60 வருடம், கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று வைத்து, ஓடிப்போன 24 வருடத்துக்கு 36 சதவீதம் கழித்தார். மிச்சம் 17 லட்சத்து 92 ஆயிரம். கிணறும் சுவரும் 80 ஆயிரம். மாடியில் 2016-இல் போட்ட அறைக்கு ஊராட்சி அனுமதி வாங்கவில்லை, அதற்குப் பூஜ்யம். புது டைல்ஸ் போட்டு வைத்திருந்தேன், அதை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மொத்தத்துக்குக் கீழே இன்னும் இரண்டு தொகைகள். நியாயமாக விற்றால் கையில் நிற்பது என்று 85 சதவீதம், அவசரத்தில் விற்றால் கிடைப்பது என்று 75 சதவீதம். மேனேஜர் கண் போனது அந்தக் கடைசி வரிக்குத்தான்.

வீட்டுக் கடனில் ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு வேறு இருக்கிறது: 30 லட்சம் வரை கடனென்றால் மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. வீடு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுச் செலவைப் பொதுவாக அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். இங்கே முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கேரளத்தில் 8, 2. அண்ணன் நெய்யாற்றின்கரையில் வீடு வாங்கியபோது இதற்குத்தான் மதினியின் சங்கிலி அடகுக்குப் போனது.

"அப்போ சர்க்கார் வெல என்னத்துக்கு?" என்று மாமி கேட்டார். வழிகாட்டி மதிப்பு பத்திரப்பதிவுக்கான அடிமட்ட விலை, அவ்வளவுதான். 2017 ஜூனில் அரசு அதை 33 சதவீதம் குறைத்தது; 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கே கொண்டுபோனது. எங்கள் வீட்டில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. இதில் நம் குற்றமும் உண்டு. விற்கும்போது அந்த விலையைப் பத்திரத்தில் எழுதிவிட்டு மிச்சத்தை ரொக்கமாக வாங்குகிறோம். பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று மதிப்பீட்டாளர் பத்திரத்தைப் புரட்டினால் பாதிதான் தெரியும். பிறகு வங்கியில் போய் விலை குறைவு என்று சண்டை போடுகிறோம்.

கேட்கிற ஆள் மாறினால் விலையும் மாறும். தக்கலையில் அப்பா வீட்டை விற்றபோது வருமானவரிக்காக ஆடிட்டர் கேட்டது 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பு. அதுவும் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. காப்பீட்டுக்காரருக்கு நிலத்தின் விலையே வேண்டாம், இடிந்தால் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்று மட்டும் கேட்பார்.

போனை வைக்கும் முன் மதிப்பீட்டாளர் ஒன்று சொன்னார். "வழி எட்டடி ஆனால் சொல்லுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன். சென்டுக்கு ஒரு லட்சமாவது கூடும்." நான் இதை மாமியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே மலையாளப் பத்திரத்தின் தமிழ் நகலையும் என் தையல் டேப்பையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் இல்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம்.

"மதில அவன் மாத்திக் கட்டுவான். கொத்தன் கூலி நாம குடுக்கணும்" என்றார். பழத்தை மேசையில் வைத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "எட்டே கால் சென்டா, எட்டே முக்காலா மக்களே?"

எட்டு புள்ளி நாலு என்றேன்.