ஜன்னலை மறைத்த தள்ளுவண்டி

"அயாம் பெரிஷ்ட்" என்றார் அந்தப் பாட்டி. அயர்லாந்தின் கிளேர் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம். நான் படித்த ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மாண்டுபோவது என்று பொருள். பதறிப்போய் நாடி பிடித்துப் பார்த்தேன். அவர் கேட்டது இன்னொரு கம்பளி. குளிர் தாங்கவில்லை என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

நன்றாக இருக்கிறேன், பரவாயில்லை என்பதற்கு அங்கே சொல்லும் 'கிராண்ட்' என்ற சொல்லில் பெரிய தவறே செய்தேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு தாத்தா "கிராண்ட்" என்றார். வலி இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். இரவு முழுவதும் இடுப்பு வலியோடு விழித்துக் கிடந்திருக்கிறார். 'உனக்கு எதற்குச் சிரமம்' என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அப்புறம் பதிலைக் கேட்கும்போதே முகத்தையும் பார்க்கப் பழகினேன்.

பாட்டிக்கு அப்போது 93 வயது. சிறுமியாக இருந்தபோது பள்ளி நோட்டில் ஊர்க்கதைகள் எழுதியதாக ஒருநாள் சொன்னார். 1937 முதல் 1939 வரை, நாட்டார் வழக்காறுகளைச் சேகரித்த அரசு ஆணையம் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறது. கைவைத்தியம், மழைக்குறி, தேவதைகள் குடியிருப்பதாக நம்பி யாரும் மண்வெட்டி வைக்காத வட்டக் கோட்டைகள் என எல்லாமே அதில் உண்டு. இப்போது அந்தப் பக்கங்களை இணையத்தில் படிக்கலாம்.

அவருடைய பள்ளியைத் தேடினேன். அவர் எழுதியது அகப்படவில்லை. கூடப் படித்த ஒரு பெண் எழுதியது கிடைத்தது. கல்லின் குழியில் தேங்கிய மழைநீரால் கழுவினால் மரு உதிரும் என்று வாசித்தேன். பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார். "தேடிப் போகக் கூடாது. தானாகக் கண்ணில் பட வேண்டும். அதை எழுதாமல் விட்டுவிட்டாளே!" 80 வருடத்துக்கு முந்தைய பிழையை அன்று திருத்தினார். நான் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில், ஓர் அதிகாலையில், அவர் போய்விட்டார். உள்ளூர்க்காரரான மூத்த நர்ஸ் ஒன்றும் பேசாமல் ஜன்னலைத் திறந்தார். உயிர் வெளியே போக வழி விட வேண்டும். குறுக்கே யாரும் நிற்கக் கூடாது. ஜன்னலுக்குக் கீழே மருந்துத் தள்ளுவண்டி நின்றது. அதைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தேன்.