குல்மார்க் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறோம்

ஜனவரி 4

காஷ்மீரின் குல்மார்க்கில் குடும்பத்தோடு பனிச்சறுக்கு பழகப் போவதென்று முடிவானதிலிருந்து, பாளையங்கோட்டை வீட்டுக் கட்டிலில் துணிகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் ஜனவரி இரவுகள் உறைநிலைக்கும் கீழே போய்விடும். மாஞ்சோலைக் குளிருக்கே ஸ்வெட்டர் தேடுகிறவர்கள் நாங்கள். அம்மா தன் பங்குக்கு ஈரிழைத் துண்டுகளையும் பருத்தி பனியன்களையும் அடுக்கி வைத்திருந்ததை நான் திரும்ப அலமாரியில் வைத்தபோது, "ஏட்டி, பச்சப் பிள்ளைக்குப் பனியன் வேண்டாமா?" என்று கோபித்துக்கொண்டாள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரத்தோடு ஒட்டிக்கிடக்கும் என்றும், சறுக்கி முடித்துச் சும்மா நிற்கையில் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும் என்றும் விளக்கினேன். அவள் சமாதானமாகவில்லை.

ஜனவரி 6

தெர்மல் உள்ளாடை, அதன் மேல் பிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கை இழைத் துணிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காகப் போட்டால், வெயில் ஏறும்போது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம் என்பதால், தடித்த ஸ்வெட்டர் ஒன்றை நம்புவதைவிட இதுவே மேல். வண்ணார்பேட்டைக் கடைகளில் தெர்மலும் மங்கி குல்லாவும் கிடைத்தன. பனிக்கான கையுறையை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது. சின்னவளுக்கு, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்படி, நான்கு விரலும் ஒரே பையில் இருக்கும் கையுறையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜனவரி 9

ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகள், ஊன்றுகோல், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. தோலில் படுவதைச் சொந்தமாக வாங்கு, இரும்பும் பிளாஸ்டிக்கும் வாடகைக்கு எடு என்பது என் கட்சி. ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது என்பதால், இன்று இரவு ஒவ்வொருவரையும் குதிகால் சுவரில் படும்படி தினத்தாள் மேல் நிற்க வைத்து, பெருவிரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். என் மகனுக்கு 24.5. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி பூட்ஸின் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் மட்டும் எழும்பவே கூடாது. காலுறை ஒரே ஜோடிதான். இரண்டு போட்டால் மடிப்பு விழும், இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப்போகும். இதை என் வீட்டுக்காரரிடம் பலமுறை சொல்லியாயிற்று.

ஜனவரி 11

புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது என்பதால், சன்ஸ்கிரீனை முகவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தைச் சுற்றியும் பூச வேண்டும்; கண்ணுக்குக் காகிள்ஸ். தேங்காயெண்ணெய் அங்கே கல்லாகிவிடும், ஆகவே அது வரவில்லை. பிற மாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது என்பதால் போஸ்ட்பெய்டு எண் உள்ள கைபேசியையும், பவர் பேங்கையும் கைப்பையில் வைத்தாயிற்று.

ஆளுக்கு 15 கிலோ என்ற வரம்புக்குள் பெட்டிகள் அடங்கவில்லை. உடுத்தியிருக்கும் துணியை யாரும் எடை போடுவதில்லை என்பதால், நாளை வாகைக்குளம் விமான நிலையத்து வெயிலில் எல்லாரும் ஜாக்கெட்டோடுதான் நிற்கப்போகிறோம்.