கோத்தகிரிக் குளிரில் ஸ்டெப்பர் டிரைவர்

சிஎன்சி மெஷினில் பல்ஸுக்கு ஒரு ஸ்டெப்பாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார் நேமா 23 அளவு, 3 ஆம்பியர் என்றால், அதற்குக் கரண்ட் கொடுத்து ஓட்ட டிஎம்542 டிரைவர் போதும். சப்ளை 36 வோல்ட். டிரைவர் 50 வரை தாங்கும்தான், ஆனாலும் 48-க்குப் போக வேண்டாம். வேகமாக ஓடும் ஆக்ஸிஸ் (மெஷினின் நகரும் பகுதி) சட்டென்று நிற்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி வோல்டேஜை ஏற்றிவிடும்.

கரண்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிரைவர் மேல் அச்சிட்டிருக்கும் 4.20 ஆம்பியர் என்பது பீக், அதாவது உச்ச அளவு; ஆர்எம்எஸ் எனும் பயனுறு அளவில் அது 3.00தான். பீக் 3.76-ல் தொடங்கி, ஒரு மணி நேரம் ஓட்டி, மோட்டார் சூட்டைப் பாருங்கள். ஸ்டெப் தவறினால், அதாவது பல்ஸ் வந்தும் மோட்டார் நகராமல் விட்டால் மட்டும் கரண்டை ஏற்றுங்கள்.

சுற்றுக்கு 1600 மைக்ரோஸ்டெப் (ஸ்டெப்பின் சிறு பகுதி), சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால்ஸ்க்ரூ என்றால் மி.மீ.க்கு 320 பல்ஸ்.

நம்மூர் மார்கழிக் காலையில் ஸ்க்ரூவில் கிரீஸ் இறுகிக் கிடக்கும். மதியம் சரியாக ஓடிய அதே ஆக்சலரேஷனில் காலையில் ஸ்டெப் தவறும். அதனால் டியூனிங்கைக் காலைக் குளிரிலேயே முடியுங்கள். தவறத் தொடங்கும் ஆக்சலரேஷனிலிருந்து 30 சதவீதம் குறைத்து வையுங்கள். மூடுபனி நாளில் டிரைவர் இருக்கும் பெட்டிக்குள் ஈரம் கோத்திருந்தால், காய்ந்த பிறகே பவர் கொடுங்கள்.