பெட்ரோலா, கரண்டா? சிக்கமகளூர் மார்க் 2 அம்பாசடர் கோபிசெட்டிபாளையத்துக்கு வரும் கதையில் முதல் கட்டம்

வண்டி ஓடிவிட்டது. சிக்கமகளூரிலிருந்து பேலூர் போய்த் திரும்ப ஐம்பது கிலோமீட்டர், வழியில் ஒரு தும்மல் இல்லை. இதற்கு முன் மூன்று தடவை இதே ரோட்டில் இருபதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் படுத்துக்கொண்ட வண்டி இது. மூன்று தடவையும் பழி பெட்ரோல் பம்பின் மேல் விழுந்தது. குற்றவாளி கண்டன்சர், பிளக்கில் பொறி வரவைக்கும் கரண்ட் சர்க்யூட்டில் இருக்கும் சின்ன உருளை. எரிச்சல் என்னவென்றால் அது பழசு இல்லை, டப்பா பிரித்து மாட்டிய புதுசு.

வண்டி 1974 மார்க் 2 அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல், எஸ்யூ கார்புரேட்டர், டைனமோ. காப்பித் தோட்டத்து ஷெட்டில் நின்றது. கோபி, பவானி, ஈரோடு சுற்றுவட்டத்தில் அம்பாசடருக்குப் பஞ்சமில்லை. பெட்ரோல் எஞ்சினோடு நிற்கிற அம்பாசடருக்குத்தான் பஞ்சம். பலதும் டீசலுக்கு மாறிவிட்டன. மாறியது ஆர்சியில் ஏறவில்லை. அப்படிப்பட்ட வண்டியைச் சல்லிசாக வாங்கி, பிறகு பேப்பருக்கு அலைவதைவிட, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகிற வண்டிக்காக 340 கிலோமீட்டர் தள்ளிப் போவது மேல்.

மலைநாட்டு மழை தின்ற வண்டியில் எஞ்சினைவிட அடித்தகடுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் நான்கு இடத்தில் தட்டினால் போதும்: டிரைவர் காலடி, கதவுக்குக் கீழே ஓடும் சில், டிக்கியின் தரை, முன்பக்க டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) பின்னால் போய்ப் பிடிக்கும் குறுக்குச் சட்டம். முதல் மூன்றும் ஓட்டையானால் டிங்கர் வேலை, காசோடு போகும். நாலாவது இற்றுப்போயிருந்தால் வண்டியை வாங்காதீர்கள். முன்பக்க எடை முழுக்க அந்த முறுக்குக் கம்பியில்தான் நிற்கிறது. பிடிமானம் விட்டால் வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். இந்த வண்டியில் சட்டம் கெட்டி. காலடித் தகட்டில் ஒரு உள்ளங்கை அளவு ஓட்டை. அது வீட்டுக்கு வந்த பிறகு.

இனி அந்த இருபதாவது கிலோமீட்டர்.

குளிரில் செல்ப் அடித்தால் ஒரே சுற்றில் எடுக்கும். ஐம்பது, ஐம்பத்தைந்தில் நன்றாகப் போகும். அப்புறம் ஒரு இழுவைக் குறைவு, இரண்டு மிஸ்ஸிங், பிறகு அமைதி. இருபது நிமிடம் பானெட்டைத் திறந்துபோட்டால் மறுபடி எடுக்கும். பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே மருந்து: "வேப்பர் லாக்குங்க, பம்ப் மேல ஈரத்துணி போடுங்க." அதாவது சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துவிட்டது என்று. போட்டால் சரியாகவும் ஆகிறது! ஆகாமல் என்ன? துணியை நனைத்து, கட்டி, ஒரு டீ குடித்து வருவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிடும். அந்த இருபது நிமிடத்தில் பெட்ரோல் பைப்பும் ஆறும், பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலும் ஆறும், கண்டன்சரும் ஆறும். எது சரியானது என்று யார் சொல்வது?

ஆகவே நின்ற வண்டியைப் பார்க்க வேண்டியது ஆறிய பிறகு இல்லை, நின்ற இரண்டு நிமிடத்துக்குள். கருவிகள் டிக்கியின் அடியில் கிடந்தால் நடக்காது. பிளக் ஸ்பேனர், ஒரு பழைய பிளக், ஸ்க்ரூடிரைவர், காலி தண்ணீர் பாட்டில் நான்கும் முன் சீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் பெட்ரோல். பம்பின் அடியில் கையால் அடிக்கும் குட்டி லீவர் உண்டு. கார்புரேட்டர் பக்கத்து ஓஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு லீவரை அடித்தால், பெட்ரோல் விட்டுவிட்டுச் சீறிக்கொண்டு வர வேண்டும். நுரையும் காற்றுமாக வந்தால் வேப்பர் லாக். சூடான எஞ்சின் மேல் ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் கூடாது. கரண்ட் பார்ப்பதற்கு முன் ஓஸை மாட்டிப் பாட்டிலை மூடித் தூரத்தில் வைத்துவிடுங்கள். இந்த வண்டியில் மூன்றாவது தடவை பாட்டில் கால்வாசி நிறைந்தது. பம்ப் நிரபராதி.

அடுத்தது கரண்ட். பழைய பிளக்கை ஒரு வயரில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சினில் ஒட்டவைத்து, இன்னொருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாய், 'டக் டக்' என்று சத்தத்தோடு அடித்தால் நல்லது. இங்கே வந்தது மஞ்சள் நூல் மாதிரி ஒன்று, அதுவும் மூன்று சுற்றுக்கு ஒரு தடவை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து மறுபடி செல்ப் அடித்தபோது, காயில் கரண்டைத் திறந்து மூடும் பிளாட்டினம் முனைகளுக்கு நடுவே வெல்டிங் வைத்த மாதிரி வெள்ளைப் பொறி. அதைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பிளாட்டினம் திறக்கும் நொடியில் காயில் கரண்ட் போக இடம் தேடும். கண்டன்சர் அதை வாங்கிக்கொண்டால் காயிலின் காந்தப்புலம் பட்டென்று சரிந்து பிளக்கில் பொறி வெடிக்கும். கண்டன்சர் கைவிட்டால் அதே கரண்ட் பிளாட்டினத்திலேயே கருகித் தீரும். முனை ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் விழும், பிளக்குக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதி.

இன்னொரு அடையாளமும் உண்டு. வேப்பர் லாக் பெரும்பாலும் வண்டியை நிறுத்திய பிறகோ, நெரிசலில் ஊர்ந்த பிறகோ வரும்; காற்றோட்டம் இல்லாமல் பானெட்டுக்குள் சூடு தேங்குவதால் வருவது அது. ஐம்பதில் எதிர்காற்று வாங்கிக்கொண்டு போகும்போது செத்தால் முதல் சந்தேகம் கரண்ட் மேல் இருக்கட்டும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். இந்தக் கண்டன்சர் 0.2 மைக்ரோபேரட் வாக்கில் காட்ட வேண்டும். இந்த வண்டியிலிருந்து கழற்றிய கண்டன்சர்கள் இரண்டுமே ஆறின பிறகு சரியாகவே காட்டின. பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்ததும் ஒன்றில் எண் நிற்காமல் ஆடியது. இன்னொன்றில் அப்போதும் சரியாகவே இருந்தது, ஆனால் வண்டியில் மாட்டினால் பழைய கதை. மீட்டர் கொடுப்பது சில வோல்ட். பிளாட்டினம் திறக்கும்போது கண்டன்சர் மேல் விழுவது முந்நூறு வோல்ட் வரை. மீட்டரில் தேறினது ரோட்டில் தேறும் என்று இல்லை.

செய்த மாற்று இதுதான். 0.22 மைக்ரோபேரட், 630 வோல்ட், பாலிபுரோப்பிலீன் பிலிம் கெபாசிட்டர் (கண்டன்சருக்கு இன்னொரு பெயர்தான் கெபாசிட்டர்). எலக்ட்ரானிக்ஸ் கடையில் விலை கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு மலிவு. கோவை காந்திபுரம் பக்கம் போகிறவர்கள் ஐந்தாறு வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டு காலிலும் வயர் பற்றவைத்து, மாத்திரை டப்பாவுக்குள் இறக்கி, எபாக்ஸி ஊற்றி ஒரு ராத்திரி இறுகவிட வேண்டும். ஊற்றாமல் விட்டால் எஞ்சின் அதிர்வில் கால் முறியும். ஒரு வயர் காயிலில் 'சிபி' என்று போட்டிருக்கும் முனைக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற பக்கத்துக்கு. மறு வயர் காயில் கிளாம்ப் போல்ட்டில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு. வயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். பிலிம் கெபாசிட்டருக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. அம்பாசடரில் பழையதில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் பிடித்திருக்கும் வண்டிகளும் உண்டு, எதுவானாலும் ஓடும்.

ஒன்றை மறந்தால் எல்லாம் வீண்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பழைய கண்டன்சரைக் கழற்றியே ஆக வேண்டும். "இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டு, அது உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், வெளியே எத்தனை மாட்டினாலும் பிரயோஜனமில்லை. கழற்றும்போதே உள்ளே பிளாட்டினத்துக்குப் போகும் சின்ன நெளிவு வயரையும் விரலால் இழுத்துப் பாருங்கள். எஞ்சின் வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் பிளாட்டினம் உட்கார்ந்த தட்டு நகர்வதால் அந்த வயர் உறைக்குள்ளேயே முறிந்திருக்கலாம், வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். ரப்பர் மாதிரி நீண்டால் செம்பு போய்விட்டது என்று அர்த்தம். இதில் நீளவில்லை.

பிளாட்டினம் புதிது, இடைவெளி பதினைந்து தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிளக் இருபத்தைந்து தவ். டாப்பெட் (வால்வு இடைவெளி) பதினைந்து தவ். முன்னால் செருகி எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் ஒரே ஆள் அரைமணியில் டாப்பெட் வைத்துவிடலாம். இந்த ஹேண்டிலுக்காகவே அம்பாசடர் வாங்கலாம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றிக் கரண்டைப் பகிரும் ரோட்டர் பற்றியும் ஒரு வரி. புதிதாக வரும் சிலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் அடிவரை நீண்டிருக்கும், சூடானதும் கரண்ட் அது வழியாகத் தண்டுக்கு இறங்கிவிடும். காயிலின் பெரிய வயரை ரோட்டர் தலைக்கு அரை விரற்கடை மேலே பிடித்துச் செல்ப் அடிக்கும்போது பொறி தாவினால் அந்த ரோட்டரைத் தூக்கி எறியலாம். வயரைக் கையால் பிடிக்காதீர்கள், காய்ந்த மரக்குச்சியில் கட்டிப் பிடியுங்கள். பழைய ரோட்டர் நல்லதாக இருந்தால் அதை மாற்றாதீர்கள்.

வேப்பர் லாக் இல்லை என்றதால் பெட்ரோல் பக்கம் சும்மா விட முடியாது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் 1974 ரப்பருக்கு ஆகாது: ஓஸ் உள்பக்கம் உரிந்து துணுக்குகளாகக் கார்புரேட்டருக்கு வரும், பம்ப் டயாபிரம் தடித்து நெளியும். எத்தனால் தாங்கும் ஓஸ் மாற்றியாகிவிட்டது. பம்புக்கு முன்னால் பார்த்தால் தெரிகிற பிளாஸ்டிக் பில்டர். முதல் ஐம்பது கிலோமீட்டரிலேயே டேங்க் துரு கீழே செம்மண் மாதிரி படிந்திருக்கிறது. மூன்று பில்டர் கையில் வேண்டும். எத்தனாலால் கலவை கொஞ்சம் வறண்டுபோவதால், பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வர எஸ்யூ ஜெட் நட்டை ஒரு முகம் கீழே இறக்கியிருக்கிறது. பிளக் இப்போது வெளிர் காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறது. போதும்.

பேப்பர்: விற்பவர் ஊர் ஆர்டிஓவில் பாரம் 28, என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று). சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி கேட்பார்கள்; கிரீஸும் பெயின்டும் மூடிய நம்பரை முதல் நாளே தின்னர் போட்டுத் துடைத்து வையுங்கள், சுரண்டக் கூடாது. பெயர் மாற்ற 29, 30. கோபி ஆர்டிஓவில் புது நம்பருக்குப் பாரம் 27. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவும் உண்டு, பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அதில் போனால் தினப்படிப் புழக்கத்துக்கு வண்டியை எடுக்கக் கூடாது. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் எடுக்க நினைப்பவர்கள் யோசித்துச் செய்யவும்.

வழி: ஹாசன், ஹொளேநரசிபுரா, மைசூர், நஞ்சன்கூடு, சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி, சத்தி (சத்தியமங்கலம்), கோபி. மைசூரில் ராத்தங்கல். டைனமோ வண்டியில் ராத்திரி ஓட்டம் வேண்டாம். ஐடிலில் சார்ஜ் ஏறாது, ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்காகிவிடும். திம்பம் மலைப்பாதையில் கார்களுக்கும் இரவு 9 முதல் காலை 6 வரை தடை. லாரிகளுக்கு மாலை 6க்கே அடைத்துவிடுவார்கள். அதனால் காலை 6 மணிக்குக் கதவு திறந்ததும் இரண்டு பக்கமும் காத்து நின்ற லாரிகள் மொத்தமாக ஏறி இறங்கும். அந்தக் கூட்டத்தில் சிக்காமல் திம்பத்துக்கு ஒன்பதரை, பத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி மைசூரில் கிளம்ப வேண்டும்.

சத்தியிலிருந்து ஏறினால் ரேடியேட்டருக்குச் சோதனை. இந்தப் பக்கமிருந்து வருவதால் ஏற்றம் மெதுவானது, 27 கொண்டை ஊசியும் இறக்கம். சோதனை முழுக்க பிரேக்குக்கு. நான்கு சக்கரமும் டிரம். ஆசனூரிலேயே நிறுத்தி ஆறவிட்டு, திம்பத்திலிருந்து இரண்டாவது கியரில் இறங்க வேண்டும். முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போது பல் சுலபமாகச் சேர உதவும் அமைப்பு) இல்லை, பாதி இறக்கத்தில் அதைத் தேடினால் பல் நறநறக்கும், வண்டியும் நியூட்ரலில் உருளும். பிரேக்கை விடாமல் தேய்க்கக் கூடாது. அழுத்தி வேகம் குறைத்து, முழுசாக விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்புறம் பெடல் தரைக்குப் போகும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வார்ப்பிரும்பு விரிசல் விடும், ஊற்றாதீர்கள்.

இந்த பிரேக்கில்தான் வேலை பாக்கி. இடது பின்சக்கர வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே ஈரம். உள்ளே இருக்கும் ரப்பர் கப்பை மாற்றலாம் என்று பிரித்தால் சுவரில் துருக் குழி. ஹோனிங் போட்டு (உள்சுவரைத் தேய்த்து) பார்த்தும் விரல் நகம் மாட்டுகிறது. நகம் மாட்டினால் புது கப் நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது. பித்தளை ஸ்லீவ் போட கோயம்புத்தூர் லேத்துக்கு பஸ் பார்சலில் போயிருக்கிறது. இந்த மாதிரி வேலைக்கு நம்ம ஊர் லேத்துகளை விட்டால் ஆள் இல்லை. பம்ப்செட் ஊர் என்பதால் புஷ்ஷும் ஸ்லீவும் அவர்களுக்குத் தினசரிச் சோறு. தண்ணி பம்பும் அங்கேதான் போகும், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு.

சிலிண்டர் வந்ததும் முதலில் டிரம்மை அழுத்திப் பிடிக்கும் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், பிறகுதான் பிரேக் பைப்பில் சிக்கிய காற்றை எடுப்பது. ஷூ தளர்ந்திருந்தால் பெடல் நீளமாகப் போகும், அதைக் காற்று என்று நினைத்துக்கொண்டு ஒரு லிட்டர் ஆயிலை வீணாக்குவோம். சக்கரம் சுற்றாமல் பிடிக்கும் வரை இறுக்கி, ஒரு கிளிக் தளர்த்தினால் சரி. காற்று எடுப்பது தூரத்துச் சக்கரத்திலிருந்து: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே இருப்பதால் ஆயில் இறங்குவது கண்ணில் படாது. நாலு மிதிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்து ஊற்ற ஒரு ஆள் வேண்டும். பெடல் இரண்டாவது மிதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. முதல் மிதியிலேயே கல் மாதிரி நின்றால் கோபிக்குக் கிளம்பத் தேதி குறிக்கலாம்.