முப்பத்தோரு கட்டம்

மே 24
தங்கைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு எழுத்துப் போர்வை தைக்க, துணிகளைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று. பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும்; தைத்த பிறகு சுருங்கினால் எழுத்தெல்லாம் கோணிக்கொள்ளும். கச்சான் காற்று, சீக்கிரமே காய்ந்துவிட்டது. மணலைத்தான் உதறி மாளவில்லை.

மே 26
உயிர் 12, மெய் 18, ஃ ஒன்று. 31. எதாலும் சரியாக வகுபடாது. நாலுக்கு எட்டு என்றால் ஒரு கட்டம் காலி. ஐந்துக்கு ஆறு என்றால் ஃ வெளியே நிற்கிறது. "அதை விட்டுரு மதினி, யாரு எண்ணிப் பாக்கப் போறா" என்கிறாள் கொழுந்தியாள். பிள்ளை எண்ணாதா?

மே 27
தங்கைக்குப் பிரஷர் இறங்கவில்லையாம்.

மே 29
தூக்கம் வராமல் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு ஏழு, 35. நாலு மூலையையும் வெறும் துணியாக விட்டால் மிச்சம் 31! வரிசையாக நிரப்பினேன். மேலே அ ஆ இ. அடுத்து ஈ முதல் ஏ வரை. மூன்றாவது வரிசை ஐ ஒ ஓ ஔ ஃ, உயிரும் ஆய்தமும் அங்கேயே முடிகின்றன. நாலாவது வரிசை க் என்று புதிதாகத் தொடங்குகிறது. கடைசி வரிசைக்கு ள் ற் ன், மூன்றே மூன்று. யாரோ போர்வைக்கென்றே எண்ணி வைத்த மாதிரி. அவரை எழுப்பிக் காட்டினேன். "சரி, படு" என்றார்.

ஜூன் 1
கட்டம் 6 அங்குலம். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு ஆறரையாக வெட்ட வேண்டும். கட்டங்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் ஒரு அங்குலப் பட்டை. மொத்தம் 36க்கு 50. கணக்கு சுலபம். புள்ளிதான் வம்பு. மெய்யெழுத்தை உயிர் அளவுக்கே வெட்டினால் புள்ளி தையலுக்குள் போய்விடும். எழுத்தைக் குறுக்கினால் கீழ்ப்பாதி முழுவதும் இளைத்துத் தெரியும். ஔ கட்டத்தை அடைத்துக்கொள்கிறது, ர் ஒல்லியாக நிற்கிறது. ஸ்கேலுக்குச் சமமாக இருப்பது கண்ணுக்குச் சமமாக இல்லை. இனி கண் சொல்வதுதான்.

ஜூன் 2
புள்ளிக்கு வைக்கச் சொல்லிப் பொத்தான் கொண்டுவந்தாள் கொழுந்தியாள். பிள்ளை வாயில் போட்டால்? திருப்பிக் கொடுத்துவிட்டேன். நூலாலேயே நிரப்புகிறேன்.

ஜூன் 5
ஊசியைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கையோடு இருக்கிற அம்மா போனை எடுக்கவும் இல்லை.

ஜூன் 6
சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். நல்ல அம்மா!

ஜூன் 8
தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறிப் பார்த்தேன். ஏதோ இடித்தது. சின்னவன் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தான், உடனே புரிந்தது. ஐ சிவப்பு, ஒ பச்சை, ஓ நீலம். நிறம் வேறுதான், இருட்டு மூன்றுக்கும் ஒன்று. நடுவில் திட்டாகக் கிடக்கிறது. எழுத்து வரிசையைக் கலைக்க முடியாது, ஆகவே ஒ-வுக்கு அடித்துணி மட்டும் வெளிர் மஞ்சள்.

ஜூன் 11
மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது. இத்தனை நாளும் வீட்டிலிருந்தவருக்கு இப்போதுதான் தலைபோகிற அவசரம். ஆனாலும் திண்ணையில் ஆணி அடித்து, வலை பொத்துகிற நைலான் நூலை இழுத்துக் கட்டிக்கொடுத்தார். பட்டைகள் நேராக வந்துவிட்டன.

ஜூன் 13
ஆபரேஷன்தானாம். நாளை மறுநாள் காலை. நான் வரவா என்றேன். "ரெண்டு பேரைப் படுக்க விடமாட்டாங்க, நீ இரு" என்றாள் அம்மா.

ஜூன் 14
அவர் ஐஸ் ஏற்றப் போயிருக்கிறார். குழம்பில் உப்பு இல்லையென்று சின்னவன் சொல்லித்தான் தெரியும்.

ஜூன் 15
ள் முடிந்தது. ற்-க்கு நூல் போதாது, கடை இன்னும் திறக்கவில்லை. ன்-ஐ முதலில் எடுக்கலாமா என்று பார்க்கிறேன். போன் அடிக்கிறது