பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் எதையும் அழிக்காதீர்கள்

பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருந்த விண்டோஸை 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு ஒருவழியாக மாற்றிவிட்டேன். இப்போது கணினி பறக்கிறது. ஆனாலும் டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் அந்தக் குளோன் மென்பொருளின் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு, ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று பச்சை எழுத்தில் காட்டியது அது.

முதல் தடங்கல் தொடக்கத்திலேயே வந்தது. சி டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், புதிய டிஸ்க் சிறியது என்று மென்பொருள் மறுத்தது. சரி, சி-யைச் சுருக்கலாம் என்று விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் அதுவும் சொற்ப இடத்தைத்தான் விட்டுக்கொடுத்தது. இடம்பெயர்க்க முடியாத கோப்புகள் டிரைவின் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். அத்தகைய கோப்புகளை உருவாக்கும் ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மறுபடி தொடங்கிய பிறகு தாராளமாகச் சுருங்கியது. நகலெடுப்பதில் சிக்கல் எதுவும் இல்லை.

அதன்பின் கணினியைத் தொடங்கினேன். சி டிரைவின் அளவு 465 ஜிபி என்று காட்டியது. 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் அப்படித்தான் கணக்கிடும். ஆகவே புதிய டிஸ்க்கிலிருந்துதான் ஓடுகிறது என்பதில் ஐயமில்லை. பலரும் இந்த இடத்தில் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடுவார்கள். நான் முதலில் அதன் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தொடங்கிப் பார்த்தேன். கறுப்புத் திரையில், பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்ற வரி மட்டும் நின்றது.

கேபிளை மறுபடி செருகி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) உள்ள கணினியில் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் சி-யில் இருப்பதில்லை. இஎஃப்ஐ என்ற தனிச் சிறு பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதியில் இருக்கின்றன. மென்பொருள் சி-யை மட்டும் நகலெடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் புதிய முகவரியை எழுதி வைத்திருந்தது. வீடு மாறியும் சாவி பழைய வீட்டிலேயே கிடந்த கதை! உதவி மையத்துக்கு எழுதினால், கட்டணப் பதிப்பை வாங்குங்கள், இல்லையேல் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள் என்று பதில் வந்தது. இரண்டுமே தேவைப்படவில்லை.

விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பி ஒன்றைத் தயாரித்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்த யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தேன். பார்ட்டிஷன்களைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளையில் சி-யிலிருந்து 300 எம்பி வெட்டி, அந்த இடத்தில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, அதற்கு ஒரு டிரைவ் எழுத்தும் கொடுத்தேன். அடுத்து, பூட் கோப்புகளை உருவாக்கும் பிசிடிபூட் கட்டளை. விண்டோஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது, கோப்புகளை எந்தப் பார்ட்டிஷனில் எழுத வேண்டும் என்ற இரண்டையும் அதற்குச் சொல்ல வேண்டும். இங்கே கவனம் தேவை: யூஎஸ்பியிலிருந்து தொடங்கும்போது உங்கள் சி வேறு எழுத்தோடு வரக்கூடும். எனக்கு டி ஆகியிருந்தது. வால்யூம் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டே கட்டளையைக் கொடுங்கள். பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி வந்தது. யூஎஸ்பியை உருவிவிட்டுத் தொடங்கினேன்; பழைய டிஸ்க்கின் துணையின்றி விண்டோஸ் எழுந்து வந்தபோதுதான் மூச்சு வந்தது.

டிஸ்க்கில் உள்ளதை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்களாக அதை இயக்கியிராவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கையோ பூட் அமைப்பையோ மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். வேலையைத் தொடங்குமுன் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பூட்டை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பாதி வழியில் தவிக்க வேண்டியதில்லை.

சில நாள் ஓட்டிப் பார்த்தபின் பழைய டிஸ்க்கைத் துடைக்கலாம். அதன் இஎஃப்ஐ பார்ட்டிஷனை டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க விடாது. டிஸ்க்பார்ட்டின் கிளீன் கட்டளையைப் பயன்படுத்தலாம். அது உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்காது. டிஸ்க்கின் எண்ணை மட்டும் நம்பாமல், தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் கொள்ளளவையும் பார்த்துவிட்டே என்டர் தட்டுங்கள்.