சிஆர்பி குறைந்தது, வீக்கம் குறையவில்லை

முடக்கு வாதத்தோடு 12 ஆண்டுகளாக வாழும் என் அம்மாவுக்கு நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் அறிவிப்பது காபி ஃபில்டர்தான். இரவே டிகாஷன் போட்டு வைத்த ஃபில்டரின் இறுகிய மேல்பாகத்தைக் காலை ஆறு மணிக்கு அவரே கழற்றிவிட்டால் அது நல்ல நாள். என்னை எழுப்பினால், விரல்கள் முழுதாக மடங்க எட்டரை மணியாகும் என்று பொருள்.

இந்த விறைப்பின் பின்னால் இருப்பவை சைட்டோகைன்கள், அதாவது நோயெதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ளச் சுரக்கும் சிறு புரதங்கள். மூட்டின் உட்சவ்வில் குவியும் மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 ஆகிய சைட்டோகைன்களைச் சுரக்க, அவற்றால் தூண்டப்பட்ட சவ்வுச் செல்கள் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளை வெளியிடுகின்றன. எலும்பைக் கரைக்கும் செல்களும் பெருகுகின்றன. இந்நோயாளிகளின் இரத்தத்தில் ஐஎல்-6 விடியற்காலையில்தான் மிகுந்திருக்கும் என்று படித்தபோது எனக்கு ஃபில்டர் நினைவுக்கு வந்தது.

இத்தனை சைட்டோகைன்கள் இருக்க, ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன் என்ற ஐயம் நியாயமானதே. நோயாளிகளின் மூட்டுச் சவ்வுச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்த ஆய்வாளர்கள் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர், டிஎன்எஃபை அடக்கினால் ஐஎல்-1 உற்பத்தியும் சரிவதை 1989இல் காட்டினர். 1992இல் லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் டிஎன்எஃப் எதிர்ப்பு மருந்தை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். 1994இல் வெளியான, 73 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு, அந்த மருந்து பலனளிப்பதைக் காட்டியது. பின்னர் ஜப்பானில் கிஷிமோட்டோவின் ஆய்வுகளிலிருந்து ஐஎல்-6 வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து பிறந்தது. காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருக்கும் செல் கூட்டைக் காப்பதும் டிஎன்எஃப் என்பதால், உடலில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மாந்தூ தோல் பரிசோதனை பாசிட்டிவாக வந்த அம்மாவுக்கு முதலில் காசநோய்க்கான மாத்திரைகளை முடித்துவிட்டு, டாக்டர் டோசிலிசுமாபையே தேர்ந்தெடுத்தார்.

சிக்கல் இங்கேதான். சாதாரண சிகிச்சையில் சைட்டோகைன்களை யாரும் நேரடியாக அளப்பதில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் என 28 மூட்டுகளில் வலியையும் வீக்கத்தையும் எண்ணி, நோயாளியின் சொந்த மதிப்பீட்டையும், இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி அளவையும் சேர்த்து, நோயின் தீவிரத்தைச் சொல்லும் டாஸ்28 என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். (பாதங்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை என்பது அம்மாவின் நீண்ட நாள் குறை.) ஆனால் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்குமாறு கல்லீரலுக்கு ஆணையிடுவதே ஐஎல்-6 தான்; ஆணை போகும் வழியை மருந்து அடைத்துவிட்டால், மூட்டு வீங்கியிருந்தாலும் சிஆர்பி இறங்கிவிடும், தொற்று வந்தாலும் ஏறாமல் போகலாம்.

சென்ற மாத ரிப்போர்ட்டில் சிஆர்பி லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றிருந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்துவிட்டேன். டாக்டரோ தாளை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் வலது மணிக்கட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கணுவையும் இரு கட்டைவிரல்களால் அழுத்திப் பார்த்தார். வலிப்பவை 3, வீங்கியவை 4. அம்மா தமக்குத் தாமே கொடுத்த மதிப்பெண் பத்துக்கு 3. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: டாஸ்28 ஏறக்குறைய 3.06, அதாவது 3.2க்குக் கீழே, குறைந்த தீவிரம். அதே கைக்கு சிஆர்பி 20 என்று வைத்துப் பார்த்தால் 4.0 வருகிறது. இரத்தப் பரிசோதனையையே சேர்க்காத சிடாய் கணக்கில், டாக்டர் தம் பங்குக்குக் கொடுத்த 3ஐயும் கூட்டினால் 13. 10ஐத் தாண்டினாலே நடுத்தரத் தீவிரம்.

டாக்டர் 13ஐத்தான் ஃபைலில் எழுதினார். முடக்கு வாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் போடும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை 15 மில்லிகிராமிலிருந்து 20 ஆக்கி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் எண்ணிப் பார்ப்போம் என்றார். அன்று காலை ஃபில்டரைக் கழற்றியது நான்தான் என்பதை அம்மா அவரிடம் சொல்லவில்லை, நான் சொன்னேன்.